மெல்லிசான டயர்

புதுச் சக்கரமும் டயரும் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் எங்கள் அம்மா பவளம் கேட்ட முதல் கேள்வி, "ஏன், இப்ப கீறது உருளலியா?" என்பதுதான்.

உருளாமல் என்ன? டிராக்டர் டயரும்தான் உருளுகிறது. ஆனால் அம்மாவிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை என்பதால் கம்மென்று இருந்துவிட்டேன்.

என்னுடையது ரேஸ் சைக்கிள். கைப்பிடி ஆட்டுக்கடா கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். சென்னையில் யாரோ ஒருவர் தொப்பையைக் குறைக்க வாங்கி, தொப்பை அப்படியே இருக்க ஆசை மட்டும் குறைந்துபோய், விற்றுவிட்ட சைக்கிள். பாடி அருமையான பாடி. சக்கரங்கள்தான் சனியன்கள். அவர் எந்தப் பள்ளத்தில் இறக்கினாரோ, பின் சக்கரம் லேசாகக் கோணிவிட்டது. எத்தனை முறை கம்பிகளை முறுக்கி நிமிர்த்தினாலும் நாலு நாளில் பழையபடி ஆட ஆரம்பிக்கும். கனம் வேறு. பாலாற்றுப் பாலத்தில் ஏறும்போது பின்னால் கேரியரில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். இத்தனைக்கும் அந்த சைக்கிளுக்குக் கேரியரே கிடையாது.

எனக்கு இருபத்திரண்டு வயது. டிகிரி முடித்துவிட்டு சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவின் பாஷையில் அதற்குச் சும்மா இருப்பது என்று பெயர். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்கள் எல்லோரும் ஒரகடம் பக்கம் கம்பெனிக்குப் போகிறார்கள். விடிவதற்குள் பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து கொட்டும். ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். அப்படிப் போய்வருகிறவள் சைக்கிளைத் துடைத்து வைக்கலாம், ஓட்ட முடியாது. மாசி மாதம் மாநில டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள், அதில் வந்தால் சைக்கிள், வராவிட்டால் கம்பெனி. இது அம்மா வைத்த கெடு. கம்பெனிக்கு ஆள் சேர்த்துவிடும் செங்கேணியிடம் அம்மா பேசியும் வைத்துவிட்டாள். அம்மாவைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அவளும் பார்க்கிறாள், நெல் எதைக் கொடுத்தது, எதைக் கொடுக்கவில்லை என்று.

நான் வந்துவிடுவேன் என்று நம்பியவர் எங்கள் அப்பா சேட்டு, நான் நைனா என்று கூப்பிடுகிறவர், அவர் ஒருவர்தான். அவருக்கு ஸ்டாப்வாட்ச் எல்லாம் தெரியாது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வாலாஜாபாத் பஸ் கிளம்பும்போது என்னையும் கிளம்பச் சொல்வார். அவர் பஸ்ஸில் ஏறிக்கொள்வார். பஸ் போய்ச் சேரும்போது நான் அங்கே டீக்கடை வாசலில் நின்றிருப்பேன். அன்றைக்கு முழுவதும் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு பஸ்ஸ முந்திச்சி" என்பார். அந்த பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று, கண்டக்டர் இறங்கி வெற்றிலை வாங்கிக்கொண்டு வரும் பஸ் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். "ஜெயிக்கிற பொண்ண எவனாச்சும் கம்பெனிக்கு அனுப்புவானா?" என்று அம்மாவிடம் சண்டை போட்டு, மாசி வரைக்கும் எனக்கு நாள் வாங்கித் தந்தவர் அவர். அந்த வருஷத்து வேர்க்கடலையைச் சக்கரத்துக்கென்று ஒதுக்கியதும் அவர்தான்.

சக்கரம் பார்க்க இரண்டு பேரும் வஹாப் பாய் கடைக்குப் போனோம். உத்திரமேரூர் பஜாரில் பாயின் கடையில் குழந்தை சைக்கிளிலிருந்து கியர் சைக்கிள் வரை எல்லாம் தொங்கும். பாய் சைக்கிள் கடைக்குப் பதில் கட்சி ஆரம்பித்திருக்கவேண்டிய ஆள். அவ்வளவு பேச்சு. நான் கேட்டு வைத்திருந்ததால் நாலைந்து ஜோடிச் சக்கரங்களைத் தருவித்து வைத்திருந்தார்.

"கார்பன் போடு தங்கச்சி. இத்தினி ஒசரம் ரிம்மு. ரோட்ல போனின்னா ஹெலிகாப்டர் கணக்கா சவுண்டு வரும்" என்றார்.

"சவுண்டுக்கா பாய் அங்க ஆள் எடுக்கறாங்க?"

"பாக்கறவன் பயப்படணும்ல?"

உயரமான ரிம் நேர் காற்றைக் கிழிக்கும் என்பது நிஜம். ஆனால் பக்கத்துக் காற்றில் அது பலகை. தென்னேரி ஏரிக்கரை மேல் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர்ப் பக்கமிருந்து ஒரு அடி அடித்தால் சும்மா சைக்கிளே நடுரோட்டுக்குப் போய்விடும். அதோடு கார்பன் ரிம்மில் பிரேக் பிடிக்க வேறு கட்டை வேண்டும், மழையில் பிடிக்காது, விலையைக் கேட்டால் நைனா மயங்கி விழுவார். அலுமினிய ரிம்மிலேயே நடுத்தர உயரத்தில் ஒரு ஜோடி இருந்தது. எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். காலி முறம் மாதிரி இருந்தது. அச்சில் பிடித்துச் சுற்றிவிட்டேன். அது நிற்கவேயில்லை. பாயே பேச்சை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்.

நைனா அதை நிறுத்தி, விரலால் கம்பிகளை எண்ண ஆரம்பித்தார்.

"இன்னா பாய், முன்னாடி இருபதுதான் கீது? என் வண்டில முப்பத்திரண்டு. துட்டு ஜாஸ்தி வாங்கிக்கினு கம்பிய கொறைக்கிறியே?"

"அதான் அண்ணே வேகம். கம்பி கொறைய கொறைய காத்து தடுக்காது."

"அப்ப கம்பியே இல்லாம ஒண்ணு காட்டு."

"அதுவும் கீது. உன் நெலத்த எழுதிக் குடுத்துட்டு எட்த்துனு போ."

எல்லோரும் சிரித்தோம். அந்தச் சக்கரம்தான் என்று முடிவாயிற்று. இதுவரை ஒரு சண்டையும் இல்லை. டயர் எடுக்கும்போதுதான் ஆரம்பித்தது.

எவ்வளவு அகலம் என்பது முதல் கேள்வி. ஒல்லியான டயர்தான் வேகம் என்று ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அப்படி இல்லை. கொஞ்சம் அகலமாக, கொஞ்சம் காற்றுக் குறைவாக இருந்தால் நம்முடைய சொரசொரப்பு ரோட்டில் குதிக்காமல் ஒட்டிப் போகும். நான் இருபத்தெட்டு மில்லிமீட்டர் கேட்டேன். பாய் ஒன்றை மாட்டிப் பார்த்தார். பிரேக் வாயில் நுழைந்தது, ஆனால் மேலே உரசியது. பழைய பாடி, அதற்கு மேல் இடமில்லை. சரி, இருபத்தைந்து. அதில் இரண்டு ரகம் வைத்திருந்தார். ஒன்று அடியில் கெட்டியாக ஒரு அடுக்கு வைத்து, முள் இறங்காதபடி செய்தது. இன்னொன்று ரேஸ் டயர். அடைக்கும் அப்பளத்துக்கும் என்ன வித்தியாசமோ அதுதான் இரண்டுக்கும். நான் அப்பளத்தை எடுத்தேன். நைனா அடையை எடுத்து என் கையில் திணித்தார்.

"இத்த போடு. அது பிஸ்கோத்து மாரி கீது."

"அது கனம் நைனா. லேசு சக்கரம் வாங்கிட்டு மேல கனத்த ஏத்தறதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?"

"நம்ம ரோடு இன்னா ரோடுன்னு உனுக்கு தெரியாதா? எந்தப் பக்கம் போனாலும் வேலிக்காத்தான். ஒருத்தன் வெறகு வெட்டிக்கினு போனா வழிபூரா முள்ள கொட்டிக்கினு போறான். இப்ப அறுப்பு வேற. ரோட்ல நெல்லு, அதுமேல வைக்கோலு. அடியில இன்னா கீதுன்னு கண்ணுக்கே தெரியாது."

"தேர்வு நம்ம ரோட்ல இல்ல நைனா. செங்கல்பட்டு தாண்டி, புதுசா போட்ட ரோட்ல."

"இது நம்ம ரோடு, இது ரேஸு ரோடுன்னு முள்ளுக்கு தெரியுமா?"

யாராவது மடக்கிவிட்டால் எனக்குக் கோபம் வரும், அது அம்மா வழிச் சொத்து. "ஓட்டறது நீயா நானா?" என்று கடையிலேயே கத்திவிட்டேன். நைனா அந்த டயரை ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். பாய் நான் எடுத்த டயருக்குத் தோதாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தார். கல்யாண வீட்டு பலூன்கூட அதைவிடக் கெட்டி. நைனா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தப் பக்கம் நிற்கிற பாயின் சட்டை தெரிந்தது. திருப்பி என்னிடம் கொடுத்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு சாயங்காலம் புதுச் சக்கரத்தில் ஒரே ஒரு முறை ஓட்டினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, என் கால் என் கால் மாதிரியே இல்லை. மிதித்ததும் போனது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் போனது. எதிரே களத்திலிருந்து வந்த பெண்கள், "இன்னாடி சிரிச்சிக்கினே போற?" என்று கேட்டார்கள். நான் சிரித்தது எனக்குத் தெரியாது.

பிறகு இரண்டு சக்கரங்களையும் கழற்றி, அம்மாவின் பழைய புடவையில் சுற்றி, நெல் மூட்டைக்கு மேல் வைத்துவிட்டேன். தேர்வுவரைக்கும் பயிற்சி எல்லாம் பழைய கோணல் சக்கரத்தில்தான். புதுசை முள்ளில் விட எனக்கும் பயம். இதை நைனாவிடம் ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

தேர்வு அன்று காலையில் எங்கள் தெரு சின்னராசுவின் குட்டியானை வேனில் கிளம்பினோம். அந்த வண்டியில் மற்ற நாட்களில் கத்தரிக்காய் போகும். சக்கரங்களை நைனாவே மாட்டி வைத்திருந்தார். "காத்தெல்லாம் பாத்துட்டேன். நீ கைய அழுக்கு பண்ணிக்காத, கம்முனு உக்காரு" என்றார். அவர் மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. வழியெல்லாம் அவர் முகத்தில் ஒரு ரகசியச் சந்தோஷம் இருந்தது. நான் ஜெயிக்கப் போகிற சந்தோஷம் என்று நினைத்தேன்.

அங்கே போய்ப் பார்த்தால், காரோடு வந்திருந்தார்கள். ஒவ்வொரு காருக்கும் மேலே உதிரிச் சக்கரம், கூடவே ஒரு மெக்கானிக், ஒரு கோச், நாற்காலி, குடை. நாங்கள் குட்டியானையின் பின்கதவைத் திறந்து இறங்கினோம். எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என் சக்கரமும் நல்ல சக்கரம்தான். யாரிடமோ பம்ப் வாங்கி காற்றைச் சரிபார்த்தேன். சரியாக இருந்தது.

ஓட்டம் எளிது. ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுக் கிளப்புவார்கள். நேராகப் போய், ஒரு கூம்பு வைத்திருக்கிற இடத்தில் திரும்பி, அதே வழியில் வர வேண்டும். யாருக்கு நேரம் குறைவோ அவர்கள் முன்னால். என்னைக் கடைசியாகக் கிளப்பினார்கள்.

முதலில் சக்கரம் கொஞ்சம் மந்தமாக இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் போன மாதிரிப் போகவில்லை. பயத்தில் கால் கெட்டிப்பட்டிருக்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். முன்னால் போன ஒருத்தியின் முதுகு தெரிந்தது, கிட்டே வந்தது, பின்னால் போயிற்று. திரும்பும் கூம்பில் பெஞ்சமின் என்று ஒரு அண்ணன் நின்றிருந்தார். பழைய ரேஸ்காரர், உதவிக்கு வந்தவர். வருகிற ஒவ்வொருத்தியின் நேரத்தையும் தன் ஆசைக்குத் தன் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பும்போது அவர் குதித்ததை இப்போதும் நினைத்தால் தெரிகிறது.

"நீதாம்மா முன்னாடி! எல்லாரவிட அரை நிமிசம் முன்னாடி கீற! வுடாத! வுடாத!"

அரை நிமிஷம் என்பது இந்த ஓட்டத்தில் சும்மா இல்லை. எல்லோரையும் ஒன்றாகக் கிளப்பியிருந்தால் இரண்டாவது வருகிறவளுக்கு என் முதுகே தெரியாது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் மூச்சு வாங்கும் என்று அடக்கிக்கொண்டு மிதித்தேன். அப்போது நான் கம்பெனியை நினைத்தேன். அம்மாவை நினைத்தேன். செங்கேணியிடம் என்ன சொல்லப் போகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன்கூட.

திரும்பி வரும் வழியில் பாதிகூட வரவில்லை. பின்பக்கம் மெத்தென்று ஆயிற்று. வெடிக்கவில்லை, சத்தமே இல்லை. பிறகு ரிம் ரோட்டில் இடித்தது. டக், டக் என்று அந்தச் சத்தம் என் முதுகெலும்பில் ஏறியது. இறங்கினேன். காற்று இருக்கிறதா என்று டயரை அமுக்கினேன். ஒன்றும் இல்லை. நான் முந்திய பெண் என்னைத் தாண்டிப் போனாள். எனக்கு உதிரிச் சக்கரமும் இல்லை, அதைத் தூக்கிக்கொண்டு வர ஒரு காரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் பெஞ்சமின் அண்ணன் கூம்பைத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்தார். என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் பையில் ஒரு டியூப் இருந்தது. "நேரம் போச்சு. ஆனா ஓட்டியாவது முடிச்சிடும்மா, பேரு இருக்கும்" என்று சொல்லி, டயரின் ஒரு பக்கத்தைக் கழற்றினார். டியூபை இழுத்தார். அதோடு கறுப்பாக இன்னொன்றும் வந்தது.

"இன்னாம்மா இது? யாரு வெச்சாங்க?"

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இதை அறியாதவர் இல்லை. முள்ளுக்குப் பயந்தவர்கள், தேய்ந்து மெலிந்த பழைய சைக்கிள் டயரை எடுத்து, ஓரங்களை அரிவாளால் அறுத்து எறிந்துவிட்டு, நடுப்பட்டையை மட்டும் டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைப்பார்கள். முள் டயரில் இறங்கினாலும் பட்டையில் நின்றுவிடும். நைனாவின் சைக்கிளிலும் அது உண்டு. நெல் மூட்டை ஏற்றுகிற தடித்த டயருக்கும், லாரி டியூப் மாதிரி இருக்கிற டியூபுக்கும் அது சரி. என் டயருக்குள் அதற்கு இடமே இல்லை. பட்டையின் இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும்படி சாய்வாகச் சீவப்பட்டிருந்தன. அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு நேர்த்தியாக நைனா சீவியிருந்தார். அந்த முனை, சக்கரம் சுற்றச் சுற்ற, அந்த பலூன் டியூபை அறுத்து அறுத்துத் துளை போட்டிருந்தது. டயருக்குள் விரல் விட்டுச் சுற்றித் தடவினேன். ஒரு முள்கூட இல்லை.

முன் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தேன். அதிலும் வைத்திருந்தார். அதற்கு இன்னும் முறை வரவில்லை. இந்த இரண்டு பட்டைகளையும் சுமந்துகொண்டுதான் நான் அரை நிமிஷம் முன்னால் இருந்திருக்கிறேன்.

டியூப் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பட்டையைச் சுருட்டி, சட்டையின் முதுகுப்பக்கப் பையில் சொருகிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். நடக்கிற வழியெல்லாம் நைனாவிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தேன். உன்னை யார் கேட்டது. உனக்கு என்ன தெரியும். என் வாழ்க்கையில் அரிவாளை வைக்க நீ யார். நல்ல நல்ல வார்த்தைகளாக வந்தன. கெட்ட வார்த்தைகளும் வந்தன.

நைனா தூக்கைக் கையில் பிடித்தபடியே ஓடி வந்தார்.

"இன்னாம்மா? முள்ளா?"

பட்டையை எடுத்து அவர் கையில் வைத்தேன். "முள்ளு இல்ல. இதான்."

அவருக்குப் புரியவில்லை. "இது முள்ளுக்காவ வெச்சது" என்றார்.

"இதான் நைனா டியூப அறுத்துச்சி! எதுக்கு கைய வெச்ச? நான்தான் வேணாம்னேன்ல? எதுக்கு வெச்ச?"

குடைகளுக்கு அடியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். இன்னும் கத்த என்னிடம் நிறைய இருந்தது. ஆனால் நைனா பட்டையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். சாய்வாகச் சீவிய முனையில் விரல் நின்றது. திரும்ப ஒருமுறை தடவினார். விவசாயி விரல், கத்தியின் கூர்மையை அதில்தான் பார்ப்பார். அவருக்குப் புரிந்தது எனக்குத் தெரிந்தது. சேர்த்து வைத்திருந்த வார்த்தை எதுவும் அதற்கப்புறம் வரவில்லை.

தூக்கைக் கீழே வைத்துவிட்டு அவர் நேராக அதிகாரிகள் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போனார். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை.

"சார், இத்த பாருங்க சார். நான் வெச்சது. பொண்ணுக்கு தெரியாது. தப்பு என்னுது சார், அதுது இல்ல. இன்னொரு தபா ஓட்ட வுடுங்க சார். இப்பவே ஓட்டும்."

மேஜையில் இருந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். "அப்படியெல்லாம் ரூல் இல்லீங்க ஐயா. அடுத்த தடவை வரச் சொல்லுங்க."

"அதுகிட்ட ஒரு தப்பும் இல்ல சார். நான் வெச்சது சார் இது."

அவர் தலையசைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்தார். நைனா பக்கத்தில் இருந்தவரிடம் போனார். அவரிடமும் பட்டையை நீட்டினார். பிறகு ஒரு கோச்சிடம். பிறகு கார்க்காரர்களிடம். இவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர்கள் பிள்ளைகள்தானே ஜெயித்தது? ஒரு அம்மா எழுந்து அவருக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். அதை வாங்கக் கை இல்லாமல், பட்டையை இரண்டு கையிலும் ஏந்தியபடி, "நான் வெச்சதும்மா" என்று அந்த அம்மாவிடமும் சொன்னார். எனக்கு உயிரே போயிற்று. போய் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, குட்டியானையின் நிழலில் உட்காரவைத்தேன்.

அவர் பட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"பிரபா, உண்மைய சொல்லு. நீ முன்னாடி இருந்தியா?"

நான் தூக்கை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

"இருந்தன்னா சொல்லும்மா. உங்கம்மா கால்ல வுழுந்தாச்சும் இன்னொரு வருசம் வாங்கித் தரேன். கம்பெனிக்கு அனுப்ப மாட்டேன். நீ முன்னாடி இருந்தியான்னு மட்டும் சொல்லு."

அவர் சொன்னால் செய்வார். அம்மாவிடம் மட்டும் இல்லை, செங்கேணியிடம், ஊரிடம், எல்லோரிடமும் சண்டை போடுவார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்கு இன்னொரு வருஷம் கிடைக்கும். ஆனால் அந்த வார்த்தையோடு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். முதலில் வந்திருக்கவேண்டிய பெண்ணைத் தன் கையால் அறுத்தோம் என்று தெரிந்துகொண்டு சோறு தின்ன வேண்டும், தூங்க வேண்டும், ஏர் பிடிக்க வேண்டும். இப்போது மேஜை மேஜையாகப் போனவர் நாளைக்கு வீடு வீடாகப் போவார். எங்கள் நைனாவை எனக்குத் தெரியும். போகிற வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பட்டையைக் காட்டிக்கொண்டே செத்துப்போவார்.

பெஞ்சமின் அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தார். என் நேரத்தை நைனாவிடம் காட்டத்தான் வருகிறார். நான் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவர் நின்றார். என்ன புரிந்ததோ, போனைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார். என் நேரம் இருந்த ஒரே இடம் அதுதான்.

"இல்ல நைனா" என்றேன். "ரொம்பப் பின்னாடி இருந்தேன். டயர் போவாம இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். அவங்கெல்லாம் வேற மாரி ஓட்டறாங்க. எனக்கு அவ்ளோ வேகம் இல்ல."

அவர் என் முகத்தையே பார்த்தார். பொய் என்று கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தேன். கண்டுபிடிக்கட்டும் என்றும் இருந்தது. பஸ்ஸை முந்தினவள் என்று ஊரெல்லாம் சொன்ன மனுஷன், என்னைப் பற்றி நானே சொன்னாலும் எப்படி நம்புவார்? சும்மா சொல்லாதே என்று ஒரு அதட்டுப் போடுவார் என்று காத்திருந்தேன்.

அவர் பெருமூச்சு விட்டார். முகம் தெளிந்தது. பட்டையைத் தூரமாக எறிந்துவிட்டு, "அப்ப சரி" என்றார். அவருக்காகத்தான் சொன்னேன், அவர் தெளிய வேண்டும் என்றுதான் சொன்னேன். ஆனாலும் அவ்வளவு சீக்கிரம் தெளிந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பும்போது குட்டியானையின் பின்னால், சைக்கிள் ஆடாமல் பிடித்துக்கொண்டு நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். நைனா தூக்கைத் திறந்து எனக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதிப் புளிச்சோற்றைச் சாப்பிட்டார். காலையிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அம்மாவிடமிருந்து போன் வந்தது. காற்றில் எதுவும் கேட்கவில்லை போலிருக்கிறது, நைனா கத்திப் பேசினார்.

"இல்ல, வர்ல... வர்ல! டயரும் போச்சு, ஆனா அதுனால இல்ல... வேகம் பத்தலயாம்! அதுவே சொல்லிச்சி... இன்னா? கேக்கலியா? வேகம்! வேகம் பத்தல அதுக்கு!"

முன்னால் ஓட்டிக்கொண்டிருந்த சின்னராசு கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் தலை குனிந்துகொண்டேன்.

"செங்கேணிக்கு சொல்லிடு. திங்கக்கெழமையிலேந்து வருதுன்னு சொல்லு" என்று சொல்லி நைனா போனை வைத்தார். பிறகு என் தலையில் கை வைத்தார்.

"நீ ஒண்ணியும் மனசுல வெச்சிக்காத. ஆசப்பட்ட, ஓட்டிப் பாத்த. எல்லாராலயும் ஆவுமா? உனுக்கு அவ்ளோதாம்மா வேகம்."

அந்தக் கையில் பாரமே இல்லை. அவர் அதை முழுசாக நம்பிவிட்டார்.

"ஆமா நைனா" என்றேன்.